இரண்டு முழத் துணிக்கு 74 கசையடி

தலைப்பைப் பார்த்ததும் "பி.காம் படிக்கிற பொண்ணுக்கு ஈரான் விவகாரம் எதுக்கு?" என்று கேட்கப் போகிறவர்கள் இருப்பீர்கள். வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, "மொதல்ல காஸ்டிங் பரீட்சைக்குப் படி" என்றார். காஸ்டிங் படித்ததால்தான் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். ஒரு செலவு எங்கே உருவாகிறது, யார் தலையில் போய் விழுகிறது, யார் பெயரில் எழுதப்படுகிறது... மூன்று வருஷமாக எங்களுக்குச் சொல்லித் தருவது இதைத்தானே? ஈரானில் பெண்களின் தலைத்துணிக்கு அரசாங்கம் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு கணக்கு எழுதி வந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நடுநிலை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் அந்தப் பெண்கள் பக்கம்.

நிறையப் பேர் இந்தக் கதையை 1979ல் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் பெண்கள் குட்டைப் பாவாடையில் கல்லூரிக்குப் போன கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டு, "பார், எப்படி இருந்த நாடு!" என்பார்கள். அந்தப் படங்கள் பொய் இல்லை. ஆனால் கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. 1936 ஜனவரி 8ஆம் தேதி, ரேஸா ஷா என்ற மன்னர் ஓர் உத்தரவு போட்டார். இனி பெண்கள் பொது இடங்களில் முக்காடு, சாதர் எதுவும் அணியக்கூடாது! நாட்டை நவீனமாக்குகிறாராம். தெருவில் சாதரோடு வந்த பெண்களிடமிருந்து போலீஸ்காரர்கள் அதைப் பிடுங்கினார்கள், கிழித்தார்கள். அரசு அதிகாரிகள் தங்கள் மனைவிமாரை முக்காடு இல்லாமல் விழாக்களுக்கு அழைத்து வந்தே ஆக வேண்டும். பிறந்ததிலிருந்து தலையை மூடியே பழகிய பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். துணி இல்லாமல் வெளியே வருவது அவர்களுக்கு நிர்வாணமாக நிற்கிற மாதிரி. பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். வீட்டில் குளியலறை இல்லாத காலம் அது. தெருமுனைப் பொதுக் குளியலறைக்குக் கூடப் போக முடியாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. 1941ல் அந்த மன்னர் பதவி இழந்த பிறகுதான் உத்தரவு தளர்ந்தது.

ஆக, ஈரானில் பெண்ணின் தலையில் முதலில் கை வைத்தது மதகுரு இல்லை, கோட்டு சூட்டுப் போட்ட ராஜா. அவர் கழற்று என்றார், பின்னால் வந்தவர் போடு என்றார். இரண்டு பேருமே போலீஸை அனுப்பித்தான் சொன்னார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால், இன்றைக்கு நடக்கும் பாதிச் சண்டைகளில் எந்தப் பக்கம் நிற்பது என்ற குழப்பமே வராது என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1978-79ல் ஷாவின் மகனை (அவரும் ஷாதான்) எதிர்த்துப் புரட்சி நடந்தபோது, வழக்கமாக முக்காடு அணியாத படித்த பெண்கள் பலரும் விரும்பிச் சாதர் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். அன்றைக்கு அதே துணி எதிர்ப்பின் கொடி! மன்னர் ஓடினார், கொமெய்னி வந்தார். புரட்சி வென்று ஒரு மாதம் கூட ஆகவில்லை, அமைச்சகங்களில் வேலை செய்யும் பெண்கள் ஹிஜாபோடுதான் போக வேண்டும் என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. மறுநாள் மார்ச் 8, மகளிர் தினம். தெஹ்ரான் தெருக்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கிவிட்டார்கள். நர்ஸ்கள், டீச்சர்கள், வக்கீல்கள், பள்ளிக்கூடப் பெண்கள். ஒரு நாள் கூத்து இல்லை, பல நாள் நடந்தது. ஹெங்காமே கோலெஸ்தான் என்ற பெண் புகைப்படக்காரர் அன்று எடுத்த படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். அந்த முகங்களில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிகிற மாதிரி எனக்குப் படும். "நேற்று உங்களோடு சேர்ந்துதானே நாங்களும் கோஷம் போட்டோம்?" என்கிற ஆச்சரியம்.

எதிரே வந்த கும்பல் கத்தியும் கல்லும் வைத்திருந்தது. அவர்கள் கோஷம் "யா ரூசரி, யா தூசரி". பாரசீக மொழியில் எதுகை மோனையோடு அழகாகத்தான் இருக்கிறது. அர்த்தம்: தலைக்குத் துணியா, தலையில் அடியா?

அப்போது அரசு கொஞ்சம் பின்வாங்கியது. கட்டாயம் எல்லாம் இல்லை, அறிவுரைதான் என்று சமாதானம் சொன்னார்கள். புரட்சியில் இருந்த இடதுசாரிகளில் பலரும், "இது முக்கியமான பிரச்சனை இல்லை, முதலில் ஏகாதிபத்தியத்தைப் பார்ப்போம், பெண்கள் விஷயம் அப்புறம்" என்றார்கள். இந்த "அப்புறம்" இருக்கிறதே, அதைக் கேட்காத பெண்கள் உலகத்தில் எந்த ஊரிலும் கிடையாது. அடுத்த வருஷமே, 1980ல், அரசு அலுவலகங்களில் ஹிஜாப் இல்லாமல் நுழைய முடியாது என்றானது. 1983ல் தண்டனைச் சட்டத்தில் 74 கசையடி என்று எழுதிவிட்டார்கள். பிறகு 1996 சட்டத்தில் 10 நாளிலிருந்து 2 மாதம் வரை சிறை அல்லது 50,000 முதல் 5 லட்சம் ரியால் வரை அபராதம்.

(காமர்ஸ் மாணவியாக ஓர் இடைச்செருகல். அந்த 5 லட்சம் ரியாலை அப்படியே விட்டிருந்தால், 2024 கடைசியில் வெளிச்சந்தை விலைக்கு ஒரு டாலர் கூடத் தேறாது. கரன்சியின் மதிப்பைக் காப்பாற்றுவதில் இந்த அரசு காட்டிய அக்கறைக்கு அதுவே சாட்சி.)

ஷிரின் எபாதி பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003ல் அமைதிக்கான நோபல் வாங்கியவர். புரட்சிக்கு முன் அவர் தெஹ்ரானில் நீதிபதி. அவரும் புரட்சியை ஆதரித்தவர்தான். புரட்சி முடிந்ததும், பெண்கள் நீதிபதியாக இருக்கக்கூடாது என்று சொல்லி, அவர் தலைமை வகித்த அதே கோர்ட்டில் அவரைக் குமாஸ்தா வேலைக்கு இறக்கினார்கள். நேற்று வரை "மை லார்டு" சொன்ன இடத்தில் இன்று ஃபைல் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வேலையை விட்டுவிட்டார். வக்கீலாகத் தொழில் செய்யும் அனுமதி 1992ல்தான் கிடைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "வெறும் துணிக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. துணி தனியாக இல்லை சார், கூடவே ஒரு மூட்டை இருக்கிறது. மனைவி பாஸ்போர்ட் எடுக்கக் கணவன் சம்மதம் வேண்டும். மனைவி பார்க்கும் வேலை குடும்ப கௌரவத்துக்குப் பொருந்தாது என்று கணவன் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தலாம். 2015ல் ஈரான் பெண்கள் ஃபுட்சால் அணியின் நிலூஃபர் அர்தலான் ஆசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. காரணம், கணவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சம்மதிக்கவில்லை. தேசிய அணி வீராங்கனைக்கே இந்தக் கதி.

இன்னொரு கணக்கு. 2000களில் ஈரானியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அது கண்ணை உறுத்தியதோ என்னவோ, 2012ல் 36 பல்கலைக்கழகங்கள் 77 பாடப்பிரிவுகளைப் பெண்களுக்கு மூடின. இவ்வளவு படித்தும் 2023 வாக்கில் உழைக்கும் வயதுப் பெண்களில் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லாரையும் கூட்டினால் நூற்றுக்கு 15 பேர் கூட இல்லை. எங்கள் வகுப்பில் 60 பேர், அதில் 38 பெண்கள். அங்கே போலக் கணக்குப் போட்டால் எங்களில் ஐந்தாறு பேர்தான் வேலைக்குப் போவோம். யார் அந்த ஐந்தாறு பேர் என்று கடைசி பெஞ்சிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நல்ல விளையாட்டு இல்லை அது.

சரி, சட்டத்தை எப்படி அமல்படுத்துகிறார்கள்? என்னை உண்மையிலேயே உட்கார வைத்த இடம் இதுதான்.

2000களின் நடுவிலிருந்து "கஷ்த்-எ-எர்ஷாத்", அதாவது வழிகாட்டும் ரோந்து, என்று ஒரு படை தெருவில் வேனோடு நிற்க ஆரம்பித்தது. முடி தெரிகிறதா, கோட்டு இறுக்கமா என்று பார்த்து ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் எட்டு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டில் வேன் வைத்து எத்தனை பேரைப் பிடிப்பது? 2022 போராட்டங்களுக்குப் பிறகு பெண்கள் கூட்டம் கூட்டமாகத் துணியைக் கழற்றிவிட்டு நடந்தபோது அரசு உத்தியை மாற்றியது. ஆடிட்டிங்கில் "இன்டர்னல் செக்" என்று ஒன்று படிக்கிறோம் இல்லையா? ஒருவர் எழுதுவதை இன்னொருவர் தானாகவே சரிபார்க்கும்படி வேலையைப் பிரித்து வைத்துவிட்டால், முதலாளி ஒவ்வொரு வவுச்சரையும் பார்க்க வேண்டியதில்லை. அதே ஏற்பாடு! காரில் முக்காடு இல்லாத பெண் இருந்தால் கார் சொந்தக்காரருக்கு எஸ்.எம்.எஸ். வரும். திரும்பவும் நடந்தால் கார் பறிமுதல். கடையில் அப்படி ஒரு பெண் நின்றால் கடைக்குச் சீல். 2023 ஏப்ரலில் பொது இடங்களில் கேமரா வைத்துப் பிடிப்போம் என்று போலீஸ் அறிவித்தது. அதே வருஷம் ஜூலையில், ஈரானின் அமேசான் என்று சொல்லப்படும் டிஜிகாலா கம்பெனியின் ஓர் அலுவலகத்துக்குச் சீல் வைத்தார்கள், பெண் ஊழியர்கள் முக்காடு இல்லாமல் இருந்த படம் வெளிவந்ததற்காக. "நாஸெர்" என்று ஒரு மொபைல் ஆப் கூட உண்டு என்று ஐ.நா. விசாரணைக் குழு 2025 மார்ச்சில் எழுதியது. அனுமதி பெற்றவர்கள் வண்டி நம்பரைத் தட்டினால் போதும், புகார் போய்விடும். (நம் ஊர் கோர்ட்டில் "நாஜர்" என்று ஒரு பதவி உண்டே, அதே வேர்ச்சொல்தான். மேற்பார்வை பார்ப்பவர்.)

இதில் உள்ள சூழ்ச்சியைப் பாருங்கள். பெண்ணோடு நேராக மோதாமல், அவள் அக்கம்பக்கத்துக்கு எல்லாம் பில் அனுப்புகிறார்கள். டாக்ஸிக்காரர் கெஞ்சுவார், "தங்கச்சி, என் வண்டி போயிடும், கொஞ்சம் மூடிக்கம்மா." டீக்கடைக்காரர் கெஞ்சுவார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வாடகை, வட்டி, பிள்ளை ஃபீஸ். போலீஸை எதிர்த்து நிற்பது ஒரு வகை. உன்னால் நஷ்டப்படப் போகிற நல்ல மனுஷர் ஒருவர் முகத்தைப் பார்த்து "மாட்டேன்" என்று சொல்வது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதையும் செய்தார்கள். கடைக்கு மறுபடி மறுபடி சீல் விழுந்தும் பெண்களை உள்ளே விட்ட கடைக்காரர்களும் இருந்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் 2017 டிசம்பர் 27ல், தெஹ்ரானின் என்கெலாப் தெருவில் விதா மொவாஹெத் என்ற பெண் நடைபாதை ஓரம் இருந்த ஒரு மின்பெட்டி மேல் ஏறி, தன் வெள்ளைத் துணியை ஒரு குச்சியில் கட்டிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். கோஷம் இல்லை, பேச்சு இல்லை. என்கெலாப் என்றால் புரட்சி என்று அர்த்தம் (நம்ம "இன்குலாப்"தான்!). அவரைக் கைது செய்தார்கள். அடுத்த வாரங்களில் வேறு பெண்கள் வேறு பெட்டிகளில் ஏறினார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பெட்டிகள் மேல் சாய்வாக இரும்புக் கூரை வைத்தது, யாரும் நிற்க முடியாதபடி! ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ அதற்கு டெண்டர் விட்டு, பில் போட்டு, செக்கில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்களுக்காக வாதாடிய வக்கீல் நஸ்ரின் சொதூதே 2018ல் கைதாகி, 38 வருஷச் சிறை, 148 கசையடி என்று தீர்ப்பு வந்ததாக அவர் கணவர் சொன்னபோது சிரிப்பு நின்றது.

மஹ்சா அமினி விஷயம் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். குர்திஸ்தான் மாகாணத்தின் சக்கேஸ் ஊர்ப்பெண். வீட்டில் கூப்பிடும் குர்திஷ் பெயர் ஜினா. வயது 22, இன்னும் சில நாளில் 23 ஆகியிருக்கும். 2022 செப்டம்பர் 13ல் குடும்பத்தோடு தெஹ்ரான் வந்தவரை அந்த ரோந்து வேன் பிடித்தது. 16ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். பழைய நோய் என்றது அரசு. காவலில் நடந்த உடல்ரீதியான வன்முறைதான் சாவுக்குக் காரணம் என்றது 2024 மார்ச்சில் ஐ.நா. குழு. ஊரில் அடக்கம் செய்தபோது பெண்கள் முக்காட்டைக் கழற்றி வீசினார்கள். "ஜின், ஜியான், ஆசாதி" என்ற குர்திஷ் கோஷம், பெண், வாழ்க்கை, விடுதலை, அங்கிருந்து நாடு முழுக்கப் போனது.

இந்தச் செய்தியை வெளியே கொண்டுவந்தவர்களில் இரண்டு பெண் பத்திரிகையாளர்கள் முக்கியமானவர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிய நிலூஃபர் ஹமேதி, சக்கேஸில் நடந்த அடக்கத்தைப் பற்றி எழுதிய எலாஹே மொஹம்மதி. இருவருக்கும் பரிசு சிறை. 2023 அக்டோபரில் ஒருவருக்கு 13, இன்னொருவருக்கு 12 ஆண்டு என்று தீர்ப்பானது. 2024 ஜனவரியில் ஜாமீனில் வந்தார்கள், 2025ல் மன்னிப்பு கிடைத்தது. செய்தி எழுதியதற்கு மன்னிப்பு!

அந்தப் போராட்டத்தில் 551 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம், அதில் குறைந்தது 49 பேர் பெண்கள், 68 பேர் குழந்தைகள் என்று ஐ.நா. குழு சொன்னது. போராடிய இளைஞர்களில் சிலரைத் தூக்கிலும் போட்டார்கள். இந்த எண்களை நான் எந்தப் பத்தியில் எழுதினாலும் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி.

என் வகுப்பில் எனக்கு மிக நெருங்கிய தோழி ஹிஜாப் அணிபவள். முதல் வருஷத்திலிருந்து பக்கத்து இடம், ஒரே டிபன் பாக்ஸ். ஈரானைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"எழுதுடி, ஆனா ஒண்ணு. நீ என்ன நெனச்சு எழுதினாலும் சரி, படிக்கிறவன் அதை எடுத்து என்னைத்தான் அடிப்பான்."

நியாயமான பயம். 2022 பிப்ரவரியில் கர்நாடகாவில் ஹிஜாப் போட்ட மாணவிகளைக் கல்லூரி கேட்டிலேயே நிறுத்தினார்கள். ஆசிரியைகள் கூட கேட்டில் நின்று கழற்றிவிட்டு உள்ளே போன காட்சிகளை டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம். மார்ச்சில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த அரசாணை செல்லும் என்றது. அக்டோபர் 13ல் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். சரியாக அதே வாரங்களில் ஈரானியப் பெண்கள் தெருவில் துணியை எரித்துக்கொண்டிருந்தார்கள். உடனே நம் ஊர் இணைய வீரர்களுக்கு ஈரானியப் பெண்கள் மேல் திடீர்ப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. "பார், அங்கேயே கழற்றுகிறார்கள், உனக்கென்ன?" என்று. கல்லூரிக்குள் நுழைய முடியாமல் நின்ற பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்டவர்கள் 1936ன் போலீஸ்காரர்களோடு சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஆதரவு ஈரானியப் பெண்களுக்குத் தேவையா என்று எனக்குத் தெரியாது, எனக்குக் கண்டிப்பாகத் தேவையில்லை.

மறுபக்கமும் உண்டு. "இதெல்லாம் அமெரிக்கா, இஸ்ரேல் சதி, இப்போது இதைப் பேசுவது எதிரிக்கு உதவி" என்கிற முற்போக்கு அண்ணன்கள். 1979ல் அந்தப் பெண்களிடம் "அப்புறம்" சொன்னார்களே, அவர்கள் வாரிசுகள். பொருளாதாரத் தடைகளால் சாதாரண ஈரானியர் மருந்துக்குக் கூட அல்லாடியது உண்மை. வெளிநாட்டுக் குண்டு எந்தப் பெண்ணுக்கும் விடுதலை தரவில்லை என்பதும் உண்மை. 2025 ஜூன் 23ல் இஸ்ரேல் தெஹ்ரானின் எவின் சிறையின் மேல் குண்டு போட்டது. எந்த அரசியல் கைதிகளின் பெயரைச் சொல்லி உலகமே கண்ணீர் விட்டதோ, அதே கைதிகள் இருந்த சிறை! கைதிகள், பார்க்க வந்த குடும்பத்தினர், ஊழியர்கள் என்று எழுபது பேருக்கு மேல் செத்ததாக ஈரான் நீதித்துறை சொன்னது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டு கேட்கிறேன். வேனில் ஏற்றியது எந்த அமெரிக்கன்? கசையடி என்று எழுதியது எந்த இஸ்ரேல்காரன்?

இதையெல்லாம் தோழியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "நான் போட்டுக்கறது என் இஷ்டம். அவங்க கழட்டறது அவங்க இஷ்டம். ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுது, அப்ப எழுது" என்றாள். எழுதிவிட்டேன், தாயே.

ஆதரவு, ஆதரவு என்கிறாயே, நீ எழுதினால் அங்கே என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒன்றும் ஆகாது. ஆனால் நம் பெயரில் என்ன நடக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம் இல்லையா? 2022 நவம்பர் 24ல் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில், ஈரானில் நடந்ததை விசாரிக்க ஒரு குழு அமைக்கலாமா என்று ஓட்டெடுப்பு. 25 நாடுகள் ஆம் என்றன, 6 நாடுகள் வேண்டாம் என்றன, 16 நாடுகள் ஓட்டே போடவில்லை. அந்த 16ல் இந்தியா உண்டு. மேலே நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஐ.நா. குழு இருக்கிறதே, அது அமைய நாம் கை தூக்கவில்லை. நம் செய்தித்தாள்களில் இது எத்தனை பேர் கண்ணில் பட்டது? சாபஹார் துறைமுகம், எண்ணெய், பாஸ்மதி ஏற்றுமதி என்று எனக்கும் காரணங்கள் தெரியும், நான் படிப்பதே காமர்ஸ்தான். காரணம் தெரிவதால் எண் மாறிவிடுவதில்லை.

2024 ஜனவரியில் ரோயா ஹெஷ்மதி என்ற 33 வயதுப் பெண்ணுக்கு 74 கசையடியை நிஜமாகவே நிறைவேற்றினார்கள். கூடவே 1.2 கோடி ரியால் அபராதம், அப்போதைய மதிப்பில் சுமார் 25 டாலர். அடிக்கிற அறைக்குள்ளும் முக்காடு போட மறுத்ததாக அவரே எழுதினார். அங்கே வலுக்கட்டாயமாகப் போட்டுவிட, அவர் மறுபடி இழுத்தெறிந்தாராம். அடி வாங்கிவிட்டு வந்து இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதுதான் என்னை என்னவோ செய்தது.

அதே வருஷம் டிசம்பரில் 74 பிரிவுகளோடு புதிய ஹிஜாப் சட்டம் ஒன்று அமலுக்கு வர இருந்தது. பெரிய அபராதம், நீண்ட சிறை, பயணத் தடை, கடை முதலாளிகளுக்குத் தண்டனை என்று எல்லாம் உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றி, காப்பாளர் அவையும் ஒப்புதல் கொடுத்த சட்டம். கடைசி நிமிஷத்தில் நிறுத்தி வைத்தார்கள். பெருந்தன்மை எல்லாம் ஒன்றும் இல்லை, தெருவைப் பார்த்துப் பயந்தார்கள். பழைய சட்டம் அப்படியே இருக்க, 2025ல் தெஹ்ரானின் மெட்ரோவிலும் டீக்கடைகளிலும் முக்காடு இல்லாத பெண்கள் சாதாரணமாக நடமாடினார்கள் என்று போய் வந்த செய்தியாளர்கள் எழுதினார்கள். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த வருஷக் கடைசியில் ரியால் சரிந்ததற்காக தெஹ்ரான் கடைக்காரர்கள் கடையடைப்பில் ஆரம்பித்த போராட்டம் நாடு முழுக்கப் பரவியபோது, 2026 ஜனவரியில் இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சுட்டார்கள்.

அந்தப் புதிய சட்டம் வர இருந்த அதே வாரத்தில், 2024 டிசம்பர் 11ல், பரஸ்தூ அஹ்மதி என்ற பாடகி ஒரு கச்சேரியை இணையத்தில் வெளியிட்டார். ஆண்கள் கேட்கும்படி பெண் தனியாகப் பாடவே அங்கே தடை. அவர் ஒரு பழைய சத்திரத்து முற்றத்தில், கறுப்பு கவுனில், தலையில் எதுவும் இல்லாமல், பக்கவாத்தியக்காரர்களோடு நின்று பாடினார். எதிரே ஒரு நாற்காலி கூடக் கிடையாது, ரசிகர்கள் யாருமே இல்லாத கச்சேரி. இரண்டு மூன்று நாளில் கைது, பிறகு விடுதலை, வழக்கு.

நானும் தோழியும் அதை லன்ச் இடைவேளையில் கேன்டீன் பின்னால் இருக்கிற படிக்கட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு பார்த்தோம். 27 நிமிஷம். பாரசீகம் ஒரு வார்த்தை புரியவில்லை. இடையில் ஒரு பாட்டில் அவள் மட்டும், "ஏய், இதுல 'வதன்'னு வருது, சொந்த ஊருன்னு அர்த்தம், உருதுலயும் அப்படித்தான்" என்றாள். பெல் அடித்த பிறகும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது, முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். இன்கம்டாக்ஸ் கிளாஸுக்கு லேட்.